சாப்பிட்ட பிறகு சர்க்கரை இறங்குகிறவர்களுக்கு: பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கையேடு

பட்டினி கிடந்தால் மயக்கம் வரும் என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுங்குது, நெற்றி சில்லென்று வேர்க்குது, நெஞ்சு படபடக்குது, இப்பத்தான் சாப்பிட்டேன் அதுக்குள்ள உயிர் போற மாதிரி பசிக்குது என்று சொன்னால் நம்ப ஆளில்லை. "கேஸ்" என்பார்கள், "பித்தம்" என்பார்கள், பெண் என்றால் "மனசுல எதையோ போட்டு உழப்பிக்கிற" என்பார்கள். நான் முதலில் போய்ப் பார்த்த ஒரு இடத்தில் வாயு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அது வாயு இல்லை. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது. டாக்டர்கள் ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா என்கிறார்கள்.

நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கும் மனையும் வைத்திருக்கிறேன். வேலை ஒரு நேரத்தில் நிற்காது, சாப்பாடு ஒரு நேரத்தில் நடக்காது. அந்த நடுவில் இதைச் சமாளிக்கப் பழகியதைத்தான் எழுதுகிறேன். என்னைப் போலவே களியும் கூழும் மாம்பழமும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது உதவும். ஆஸ்பத்திரியில் தரும் உணவுப் பட்டியலில் ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும்தான் இருக்கிறது, நம் அடுப்பங்கரை இல்லை.

உடம்புக்குள் நடப்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக விளங்கும். வெறும் மாவுப் பண்டத்தையோ இனிப்பையோ சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும். அதை இறக்கக் கணையம் இன்சுலினை விடும். நம்மைப் போன்றவர்களில் பலருக்கு அந்த இன்சுலின் கொஞ்சம் தாமதமாகவும், தாமதித்ததற்குச் சேர்த்து அதிகமாகவும் வருகிறது. சாப்பாடு செரித்து முடிந்த பிறகும் இன்சுலின் வேலையை நிறுத்துவதில்லை, சர்க்கரை கீழே போய்விடுகிறது. உடனே உடம்பு பதறி அட்ரினலினை விடுகிறது. நடுக்கமும் வேர்வையும் படபடப்பும் அதனால்தான். இன்னும் இறங்கினால் மூளைக்குப் போதாமல் பார்வை மங்கும், பேச்சு குழறும், தலை நிற்காது. ஏறியது எவ்வளவு வேகமோ இறக்கமும் அவ்வளவு வேகம். அதனால் இறங்கும் நேரத்தில் நாம் செய்வதெல்லாம் முதலுதவிதான். வைத்தியம் அதற்கு முந்தைய சாப்பாட்டில் இருக்கிறது.

சர்க்கரை நோயின் வாசலில் நிற்பவர்களுக்கு இது வரலாம். எடைக் குறைப்புக்காகவோ புண்ணுக்காகவோ வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு அடிக்கடி வரும், அவர்களுக்குச் சாப்பாடு குடலுக்குள் வேகமாக இறங்கிவிடுவதுதான் காரணம். சிலருக்குத் தேடினாலும் காரணம் கிடைப்பதில்லை.

<b>முதலில் அளந்து பாருங்கள்</b>

நடுக்கம் வந்ததெல்லாம் சர்க்கரை இறக்கம் அல்ல. ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, வெறும் வயிற்றில் குடித்த காபி, இவையும் இப்படிப் படபடக்க வைக்கும். டாக்டர்கள் மூன்று விஷயம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1930-களில் வகுத்த முறை அது. தொந்தரவு இருக்க வேண்டும், அதே நேரத்தில் அளந்தால் சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும், சர்க்கரை ஏறியதும் தொந்தரவு போக வேண்டும். பொதுவாக மீட்டர் காட்டும் எண் (mg/dL கணக்கில்) 70-க்குக் கீழே போனால் எச்சரிக்கை. சர்க்கரை நோய் இல்லாதவருக்கு 55-க்குக் கீழே போனால் அது உண்மையான தாழ்வு, காரணம் தேடியே ஆக வேண்டும்.

லேபில் கொடுத்த ரிப்போர்ட்டெல்லாம் நார்மலாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அங்கே வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை எடுக்கிறார்கள். எனக்கு இறங்குவது பெரும்பாலும் மூன்றாவது மணியை ஒட்டி. அப்போது நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருப்பேன். வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கும் பெண்கள் எங்கள் ஊருக்கும் வருகிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்ற அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-இல் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நல்ல சேவை. ஆனால் அவர்கள் வந்த நேரத்தில் 95 காட்டினால் மத்தியானம் மூன்று மணிக்கும் அப்படியே இருக்கும் என்று பொருள் இல்லை. அதனால் வீட்டில் ஒரு குளுக்கோமீட்டர் வேண்டும். தொந்தரவு வரும்போது, ஒரு வாய் இனிப்பு போடுவதற்கு முன்னால், அளக்க வேண்டும். நிற்க முடியாத நிலை என்றால் மட்டும் முதலில் சர்க்கரை, பிறகு அளவு.

மீட்டர் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மாம்பழக் காலத்தில் நம் மாவட்டங்களில் யார் விரலில் பழச்சாறு இல்லை? பழம் நறுக்கிய கையைத் துணியில் துடைத்துவிட்டு விரலில் குத்தினால், தோலில் ஒட்டிய சாறு சொட்டு ரத்தத்தில் கலந்து, 60 இருக்க வேண்டிய இடத்தில் 150, 200 என்றுகூடக் காட்டும். நாம் நன்றாக இருக்கிறோம் என்று நம்பி உட்கார்ந்துவிடுவோம். சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, நன்றாக ஈரம் போகத் துடைத்த பிறகே குத்துங்கள். தண்ணீர் இல்லாத இடமென்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை வையுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவை மூடி வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் போடாதீர்கள், சூடும் ஈரமும் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும். வீட்டு மீட்டரில் 15 வரை முன்னே பின்னே இருக்கலாம், ஆகவே 68 என்றும் 72 என்றும் காட்டுவதற்கு நடுவே பெரிய வித்தியாசம் தேட வேண்டாம்.

டாக்டர் மேலும் பரிசோதனை கேட்டால், நாம் வழக்கமாகச் சாப்பிடும் மாதிரியான உணவைக் கொடுத்துவிட்டு, தொடர்ந்து சில மணி நேரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பதுதான் பொருத்தமானது. 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்துப் பார்க்கும் சோதனை சர்க்கரை நோய் கண்டுபிடிக்க நல்லது. இதற்கு நம்பத் தகாது, ஒரு குறையும் இல்லாதவர்களுக்கே அதில் சர்க்கரை கீழே போகும்.

<b>இறங்கிவிட்டால்</b>

உட்காருங்கள். தழை அறுக்கிற அரிவாள் கையில் இருந்தால் கீழே வையுங்கள், ஏணியில் இருந்தால் இறங்குங்கள், வண்டியில் இருந்தால் ஓரம் கட்டிச் சாவியை எடுங்கள். அப்புறம் 15 கிராம் வேகமான சர்க்கரை: மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தூள் அல்லது சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். அரை டம்ளர் பழ ஜூஸும் சரி. 15 நிமிஷம் பொறுங்கள். மறுபடி அளந்து 70-க்கு மேல் வரவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு.

அந்த 15 நிமிஷம்தான் கஷ்டம். பசி தலைக்கு ஏறியிருக்கும், கண்ணில் பட்டதையெல்லாம் தின்னச் சொல்லும். அப்போது நாலு இட்லியும் ஒரு லட்டும் உள்ளே போனால் அடுத்த ஏற்றமும் அடுத்த இறக்கமும் அங்கேயே ஆரம்பம். பாக்கெட்டைப் பிரித்து அளவு பார்த்துக் கலக்கத் தெம்பில்லாமல் போகும் என்பதால் நான் ஒவ்வொரு பொட்டலத்திலும் மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் கட்டி, ஒன்றைப் புழு மனை ஜன்னலிலும் ஒன்றைக் கைப்பையிலும் வைக்கிறேன். சாக்லேட் உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாக்கிவிடும்.

குளுக்கோஸா சர்க்கரையா என்பது ஒரே ஒரு இடத்தில் மிக முக்கியம். இந்தத் தொந்தரவுக்குச் சிலருக்கு அகார்போஸ் அல்லது வோக்லிபோஸ் மாத்திரை எழுதுவார்கள். சாப்பாட்டின் மாவுச்சத்து உடைவதை மெதுவாக்கும் மாத்திரைகள் அவை. சர்க்கரை, வெல்லம் உடைவதையும் அவை தடுத்துவிடும். ஆகவே அவற்றைச் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை இறங்கும்போது வெல்லத்தைக் கொடுத்தால் நேரம்தான் போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் வெறும் குளுக்கோஸ்தான் வேலை செய்யும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

அளவு ஏறியதும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, அவித்த முட்டையோ, சுண்டலோ சாப்பிடுங்கள். இனிப்பு தூக்கிவிடும், புரதம்தான் பிடித்து நிறுத்தும். இந்த இரண்டாவது படியை விட்டவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். வண்டியை உடனே எடுக்க வேண்டாம். எண் ஏறிய பிறகும் மூளை தெளிய நேரம் பிடிக்கும், முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

<b>களி, கூழ், டீ, மாம்பழம்</b>

கேழ்வரகு என்றால் சர்க்கரை ஏறாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. நூறு கிராம் கேழ்வரகு மாவில் எழுபது கிராம் வரை மாவுச்சத்துதான். சுண்ணாம்புச்சத்திலும் நாரிலும் அது அரிசியை விட உயர்ந்தது, அதனால் நான் அதை விடவில்லை. ஆனால் எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நைசாக அரைத்த மாவைத் தண்ணியாகக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி, அதில் வெல்லம், காலையில் வெறும் வயிற்றில் ஒரு செம்பு: என் அனுபவத்தில் இதைவிட மோசமான காலை உணவு எனக்கு இல்லை. மெல்ல வேண்டியதில்லை, உடைக்க வேண்டியதில்லை, நேராக ரத்தத்துக்குப் போகிறது.

களி வேறு. எங்கள் பக்கம் நொய்யரிசியைக் கொதிக்கவிட்டு அதில் மாவைக் கொட்டிக் கிண்டுவார்கள். நான் நொய்யைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டேன், மாவை மில்லில் கொஞ்சம் கொரகொரப்பாகவே அரைக்கச் சொல்கிறேன். ஒரு கைக்குள் அடங்கும் உருண்டை ஒன்று போதும். களியை யாரும் மெல்லுவதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான். அதனால் களிக்கு முன்னால் ஒரு கிண்ணம் கொள்ளுக் கடைசலோ கீரையோ பச்சைப்பயறோ தனியாகச் சாப்பிட்டு முடிக்கிறேன். பிறகு களி. காயும் பருப்பும் முதலில், மாவு கடைசியில் என்று வரிசையை மாற்றினாலே ஏற்றம் தணியும். இதைச் சர்க்கரை நோயாளிகளிடம் ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். கொள்ளில் நூறு கிராமுக்கு 22 கிராம் புரதம், வேர்க்கடலையில் 25 வரை. நம் மானாவாரிக் காட்டில் விளைவதிலேயே மருந்து இருக்கிறது. மார்கழி, தை மாதத்தில் பிதுக்குப்பருப்புக் குழம்பு வைக்கும் நாட்களில் எனக்குப் பொட்டலம் பிரிக்கும் வேலையே அபூர்வம், ஏனென்றால் அப்போது தட்டில் களியைவிடப் பருப்புதான் அதிகம்.

அத்தை முதலில் ஒப்பவில்லை. "களி திங்கிறவங்களுக்குத்தாம்மா தெம்பு, இத்தனூண்டு தின்னா எப்படி மத்தியானம் வரைக்கும் தாங்கும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே உருண்டையில் மத்தியானம் வரை தாங்காது, தாங்க வைக்கவும் கூடாது. பெரிய இரண்டு சாப்பாட்டை உடைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது கொஞ்சம் என்று பிரித்துவிட வேண்டும். ஐந்தாம் பருவத்துப் புழுவுக்குத் தழை போடும் நேரம் தப்பினால் கூடு சிறுக்கும் என்று பதறுகிறோமே, அந்தக் கவனத்தை நம் வயிற்றுக்கும் கொடுப்பதுதான். தழை போட்டுவிட்டு வெளியே வந்ததும் கடலை டப்பாவைத் திறப்பதை வழக்கமாக்கிவிட்டேன், அதனால் தனியாக நினைவு வைக்க வேண்டியதில்லை.

கூழ் குடித்தே ஆக வேண்டும் என்றால் கெட்டியாகக் கரைத்து, தயிரோ மோரோ தாராளமாக விட்டு, சின்ன வெங்காயத்தோடு, பக்கத்தில் சுண்டல் வைத்துக்கொண்டு குடியுங்கள். இட்லிக்கும் அதே விதிதான். மூன்று இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும் போதாது, சாம்பாரில் பருப்பு தெரிய வேண்டும், முட்டை சாப்பிடுகிறவர்கள் ஒரு முட்டை சேர்க்கலாம்.

எனக்கு மிகவும் ஆபத்தான நாள் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போகும் நாள். விடியுமுன் எழுந்து கூடு மூட்டையோடு கிளம்பினால், பஸ் ஸ்டாண்டில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, ஒரு பன். ஏலம் நடக்கும் நேரத்தில் சரியாக இறக்கம் வரும். விலை பேச வேண்டிய நேரத்தில் தலை சுற்றினால் யார் நஷ்டப்படுவது? இப்போது முதல் நாள் இரவே இரண்டு முட்டை அவித்து வைக்கிறேன். கடலையோடு அதைச் சாப்பிட்ட பிறகே டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல். வெறும் வயிற்றில் டீயும் காபியும் படபடப்பைக் கூட்டும், எது இறக்கம் எது காபி என்று தெரியாமல் போகும். கூல்டிரிங்ஸ், கரும்புச் சாறு, பாட்டில் மாம்பழ ஜூஸ் மூன்றையும் சாதாரண நேரத்தில் முற்றிலும் விட்டுவிடுங்கள். குடிக்கிறவர்களுக்கு: சாராயம் கல்லீரல் சர்க்கரை விடுவதைத் தடுக்கும், அதை இனிப்புக் கூல்டிரிங்க்ஸில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பது இரட்டை ஆபத்து.

மாம்பழம் சாப்பிடாதே என்று கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களிடம் சொல்ல எனக்கு மனசு வராது. சொல்லவும் தேவையில்லை. நூறு கிராம் சதையில் 14, 15 கிராம் சர்க்கரை. செந்தூராவில் ஒரு கன்னம், சாப்பாடு முடிந்த உடனே இல்லாமல், சாயங்காலம் கடலையோடு. கடித்துச் சாப்பிடுங்கள், மிக்ஸியில் போடாதீர்கள். சோற்றுக்கு மேல் மாம்பழம் பிசைந்து சாப்பிடும் வழக்கத்தை மட்டும் நான் விட்டுவிட்டேன், மாவுக்கு மேல் சர்க்கரை என்பதால். பெங்களூராவைக் காயாக உப்புமிளகாய் போட்டுச் சாப்பிட எந்தத் தடையும் இல்லை.

சாப்பிட்டு எழுந்ததும் பத்து பதினைந்து நிமிஷம் வரப்பில் நடந்தால் ஏற்றம் மட்டுப்படும். ஆனால் கடின வேலையை இறங்கும் நேரத்தில் வைக்காதீர்கள். மல்பெரிக் கட்டு தூக்குவதைச் சாப்பிட்டு மூன்றாம் மணியிலிருந்து நகர்த்தி வைத்தது எனக்குப் பெரிய வித்தியாசம்.

<b>இது வேறாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டிய இடம்</b>

சாப்பிடாமல் இருக்கும்போது, விடியற்காலையில், தூக்கத்தில் இறங்கினால் அது நான் சொல்லும் வகை இல்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி முதற்கொண்டு பலதையும் தேட வேண்டியிருக்கும். நினைவு தப்பினால், வலிப்பு வந்தால், காரணமில்லாமல் எடை மாறினால் தள்ளிப்போடாமல் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டில் யாராவது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்களா என்பதையும் பாருங்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை நம் பிரஷர் மாத்திரையோடு கலந்து தவறுதலாக உள்ளே போனால் இதேபோல, இதைவிடப் பயங்கரமாக இறங்கும். அத்தையின் மாத்திரை டப்பாவை நான் தனி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஹெச்பிஏ1சி பாருங்கள், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் முன்படி. இறங்குகிறதே, ஏறுமா என்று கேட்காதீர்கள். இதே உடம்புதான் சில வருஷம் கழித்து ஏறவும் செய்யும். வருஷா வருஷம் பார்ப்பது நல்லது.

டாக்டரிடம் போகும்போது ஒரு நோட்டு கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, தொந்தரவு எத்தனை மணிக்கு, மீட்டரில் எவ்வளவு, என்ன கொடுத்ததும் சரியானது. ஒரு பக்கம் எழுதியிருந்தாலே அவர் நம்மைக் கேட்கும் விதம் மாறிவிடும்.

கடைசியாக வீட்டில் இருப்பவர்களுக்கு. இறங்கும்போது நாங்கள் நாங்களாக இருக்க மாட்டோம். எரிந்து விழுவோம், "எனக்கு ஒண்ணுமில்ல, போ" என்போம். என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருப்பது இதுதான்: வாதம் பண்ணாதீங்க, கரைச்சு டம்ளரைக் கையில குடுங்க. விழுங்க முடியும் என்றால் மட்டும் குடிக்கக் கொடுக்க வேண்டும். நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-க்குப் போன் செய்து, "சர்க்கரை இறங்கி மயங்கிட்டாங்க" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.